மாரண்டஹள்ளியிலிருந்து தகடூருக்கு: ஒரு நாள் வரலாற்றுப் பயணம்

சுற்றுலா என்றதும் உங்கள் நினைவுக்கு வரும் இடங்கள் எவை? மாமல்லபுரம், தஞ்சாவூர், மதுரை ஆகியவை வரும். தருமபுரி மாவட்டத்துக்காரராக இருந்தால் ஒகேனக்கல் அருவியும் வரும். அதற்கு மேல் கேட்டால், "எங்கள் பக்கத்தில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? புளியமரமும் பாறையும்தான்" என்று நம்மில் பலரும் சொல்லிவிடுவோம். அந்த விடை சரிதானா என்பதை ஒரு நாள் பயணம் செய்து சோதித்துப் பார்ப்போம்.

புறப்படுவதற்கு முன் தொலைவிலுள்ள ஓர் ஊரைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்ளுங்கள். ஐரோப்பாவின் தென்கிழக்கே செர்பியா என்றொரு நாடு உள்ளது. அந்நாட்டின் தென்பகுதியில், நிஷாவா ஆற்றங்கரையில் நிஷ் என்னும் நகரம் இருக்கிறது. உரோமானியர் காலத்தில் அதற்கு நாயிசஸ் என்று பெயர். கான்ஸ்டன்டைன் என்னும் உரோமப் பேரரசர் பிறந்தது அவ்வூரில்தான். இன்றைய பெல்கிரேடிலிருந்து கான்ஸ்டான்டிநோபிள் நோக்கிச் சென்ற உரோமானியப் படைப் பாதை அவ்வூரின் வழியே சென்றது. அங்கே வரும் பயணிகள் 1719 முதல் 1723 வரை துருக்கியர் கட்டிய கோட்டையைக் காண்கிறார்கள்; மெடியானா என்னுமிடத்தில் உரோமானிய மாளிகைகளின் எச்சங்களைக் காண்கிறார்கள்; கடைசியாக 'மண்டையோட்டுக் கோபுரம்' என்ற ஒன்றையும் காண்கிறார்கள். அந்தக் கோபுரத்தைப் பற்றிப் பின்னர் பேசுவோம். இப்போது ஒரு செய்தியை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: நிஷ் ஒரு வழித்தட நகரம். வழியில் இருந்ததால் அதற்கு வாழ்வு வந்தது. வழியில் இருந்ததாலேயே படைகளும் வந்தன.

நம் தருமபுரியும் அப்படிப்பட்ட ஊர்தான். மைசூர்ப் பீடபூமியிலிருந்து தமிழகச் சமவெளிக்கு இறங்கும் வழியில் அது இருக்கிறது. அந்த வழியில்தான் நாம் பயணத்தைத் தொடங்கப் போகும் மாரண்டஹள்ளியும் இருக்கிறது.

ஊர்ப் பெயரே ஒரு சான்று

மாரண்டஹள்ளி தருமபுரி மாவட்டம் பாலக்கோடு வட்டத்தைச் சேர்ந்த பேரூராட்சி. சேலம் - பெங்களூரு இருப்புப்பாதையில் பாலக்கோட்டுக்கும் இராயக்கோட்டைக்கும் நடுவே இருக்கிறது. ஊர்ப் பெயரின் கடைசிப் பகுதியைக் கவனியுங்கள். 'ஹள்ளி' என்பது சிற்றூரைக் குறிக்கும் கன்னடச் சொல். அருகிலுள்ள ஊர்களில் சில 'ஹள்ளி' என்று முடியும். சில 'பட்டி' என்று முடியும். சில 'கோட்டை' என்று முடியும். இவ்வட்டாரத்துச் சந்தையில் சிறிது நேரம் நின்றால் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் காதில் விழும். பல நூற்றாண்டுகளாக மக்கள் மேலும் கீழும் இறங்கி ஏறிக் குடியமர்ந்த வழி இது என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டுமா?

இந்த இருப்புப்பாதைக்கும் ஒரு கதை உண்டு. 1906இல் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு ஒரு குறுகிய இருப்புப்பாதை போடப்பட்டது. பஞ்சக் காலத்தில் தானியம் கொண்டுவருவதற்கான பாதை என்றே அதைக் கருதினார்கள். 1913இல் அது ஒசூர் வரை நீட்டிக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அது மூடப்பட்டது. பின்னர் போடப்பட்ட பாதையில்தான் இன்றைய இரயில்கள் ஓடுகின்றன. படைகள் வந்த வழியில் ஒரு காலத்தில் உணவு மூட்டைகளும் வந்தன என்பது நினைவில் கொள்ளத்தக்கது.

காலை: இராயக்கோட்டைக் குன்று

காலையில் வெயில் ஏறுவதற்கு முன் வடக்கே ஏறத்தாழ பதினைந்து கிலோமீட்டர் தொலைவிலுள்ள இராயக்கோட்டைக்குச் செல்லுங்கள். அது கிருஷ்ணகிரி மாவட்டத்தைச் சேர்ந்தது. ஊரின் தலைமேல் நிற்பதுபோல் ஒரு பாறைக் குன்று; அதன்மேல் கோட்டை. மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள நினைவுச் சின்னம் இது. குடிநீரும் கைப்பையில் சிறிது உணவும் வைத்துக்கொண்டு நிதானமாக ஏறுங்கள்.

மேலே போனதும் முதலில் சுவர்களைப் பார்க்காதீர்கள், கீழே பாருங்கள். ஒருபுறம் பீடபூமி, மறுபுறம் தாழ்ந்து செல்லும் நிலம், இடையே சாலை. இங்கே ஏன் கோட்டை கட்டினார்கள் என்பதற்கு விளக்கம் தேவைப்படாது. சாலையில் வரும் படையை நெடுந்தொலைவிலேயே கண்டுவிடலாம்.

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளுக்கு ஒரு காலத்தில் 'பாரமகால்' என்று பெயர். பன்னிரண்டு கோட்டைகள் இருந்ததால் அப்பெயர் வந்தது என்பது வழக்கு. 'மகால்' என்பது வரி வசூலுக்கான நிலப்பிரிவையும் குறிக்கும் என்பதை மறக்க வேண்டாம். ஐதர் அலியும் திப்பு சுல்தானும் ஆண்ட இப்பகுதியைக் கைப்பற்ற ஆங்கிலேயக் கம்பெனி பலமுறை முயன்றது. மூன்றாம் மைசூர்ப் போரில், 1791 ஜூலையில், மேஜர் கௌடி என்பவரின் படை இராயக்கோட்டையைக் கைப்பற்றியது. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஏற்பட்ட உடன்படிக்கைப்படி பாரமகால் முழுவதும் கம்பெனிக்குப் போயிற்று. ஏழு ஆண்டுகள் கழித்து, 1799 மார்ச்சில், ஜெனரல் ஹாரிஸின் பெரும்படை இராயக்கோட்டைப் பக்கமிருந்துதான் மைசூர் எல்லைக்குள் நுழைந்தது. அதே ஆண்டு மே 4ஆம் நாள் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. திப்பு போர்க்களத்தில் மாண்டார்.

கோட்டை கைமாறியதும் படைக்குப் பின்னால் வந்தவர் கணக்கர். அலெக்சாண்டர் ரீட் என்னும் படையதிகாரி பாரமகாலை நிருவகிக்க அமர்த்தப்பட்டார். அவருடைய உதவியாளர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. அவர் தருமபுரியில் தங்கி, நிலங்களை அளந்து, ஒவ்வோர் உழவருக்கும் தனித்தனியே வரி விதிக்கும் முறையில் பயிற்சி பெற்றார். 'ரயத்துவாரி' என்று பின்னாளில் சென்னை மாகாணம் முழுவதும் பரவிய அந்த முறை உருவான களங்களுள் இந்த மண் முதன்மையானது. மன்றோ பிறகு சென்னை மாகாணத்தின் ஆளுநராகவும் ஆனார். சென்னையில் குதிரைமேல் அமர்ந்த அவர் சிலையைப் பார்த்தவர்கள், அந்த வாழ்வின் தொடக்கத்தில் தருமபுரி வயல்வரப்புகள் இருந்தன என்பதை நினைத்துக்கொள்ளலாம்.

நண்பகல்: தருமபுரிக் கோட்டைக் கோயில்கள்

குன்றிலிருந்து இறங்கி, மீண்டும் மாரண்டஹள்ளி வழியாகத் தெற்கே வாருங்கள். பாலக்கோட்டை நெருங்கும்போது கரும்பு வயல்கள் கண்ணில் படலாம். அவ்வட்டாரத்தில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையும் உண்டு. அந்தக் கரும்பைக் கண்டால் அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். மாலையில் அதற்கும் ஒரு வேலை இருக்கிறது.

தருமபுரி நகரில் 'கோட்டை' என்று ஒரு பகுதி இருக்கிறது. மதிலைத் தேடிப் பயனில்லை, பெயர்தான் நிற்கிறது. ஆனால் அங்குள்ள கோயில்கள் நம்மைக் காலத்தில் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகப் பின்னோக்கி அழைத்துச் செல்லும். ஒன்பதாம் நூற்றாண்டில் இவ்வூர் நொளம்பர் என்னும் அரச மரபினர் கையில் இருந்தது. ஆந்திரத்து ஹேமாவதி அவர்களுடைய தலைநகர். மகேந்திரன் என்னும் நொளம்ப மன்னர் காலத்துக் கன்னடக் கல்வெட்டுகள் தருமபுரியில் கிடைத்துள்ளன. கி.பி. 893ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒன்று, நிதியண்ணன், சண்டியண்ணன் என்னும் வணிக உடன்பிறப்புகள் இவ்வூரில் ஒரு சமணப் பள்ளி கட்டியதைக் கூறுகிறது. அதில் இவ்வூருக்குத் 'தகடூரு' என்று பெயர். சங்கப் பாடல்கள் கூறும் தகடூர் எது என்ற கேள்விக்கு இத்தகைய கல்வெட்டுகளே விடை தருகின்றன.

மல்லிகார்ச்சுனர் கோயில் மண்டபத்தில் எல்லோரும் காட்டும் ஒரு புதுமை உண்டு. இரண்டு கல்தூண்கள் தரையைத் தொடாமல் தொங்குவதுபோல் நிற்கின்றன. அடியில் ஒரு தாளைச் செருகி இழுத்துப் பார்ப்பது வருவோர் வழக்கம். அதிசயம் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள், சிறிது சிந்தியுங்கள். தரையைத் தொடாத தூண் கூரையின் எடையைத் தரைக்குக் கடத்த முடியாது. எனவே அந்த எடை உத்தரக் கற்கள் வழியாக மற்றத் தூண்களுக்குப் போகிறது என்பதே பொருள். தொங்கும் தூண் தன் எடையையும் மேலுள்ள கல்லிடமே ஒப்படைத்திருக்கிறது. அப்படியானால் வியக்க வேண்டியது அந்த இரண்டு தூண்களை மட்டுமல்ல. அவற்றின் சுமையையும் சேர்த்துத் தாங்கி நிற்கும் மற்றத் தூண்களையும் உத்தரங்களையும்தான். பக்கத்திலுள்ள காமாட்சியம்மன் சன்னதியின் அடித்தளத்தில் இராமாயணக் காட்சிகள் சிறுசிறு சிற்பங்களாகச் செதுக்கப்பட்டுள்ளன. அவற்றைக் காணக் குனிய வேண்டும். அவசரக்காரர் கண்ணுக்கு அவை தட்டுப்படுவதில்லை.

பிற்பகல்: பெயரில்லாதவர்களின் பெயர்கள்

இதுவரை நாம் பார்த்தவை யாருடைய நினைவுகள்? மன்னர், படைத்தலைவர், ஆளுநர், செல்வமுள்ள வணிகர். அந்த வழியோரம் மாடு மேய்த்தும் தினை விதைத்தும் வாழ்ந்த எளியவர்கள் எங்கே?

அவர்களைக் காணத் தருமபுரியில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையின் அகழ்வைப்பகத்துக்குச் செல்லுங்கள். அங்கே நடுகற்கள் வரிசையாக நிற்கின்றன. தமிழகத்தில் நடுகற்கள் மிகுதியாகக் கிடைத்த பகுதிகள் தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை மாவட்டங்கள். தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 'செங்கம் நடுகற்கள்' என்னும் நூலை 1972இலும், 'தருமபுரிக் கல்வெட்டுகள்' என்னும் நூலை 1975இலும் வெளியிட்ட பிறகுதான் இவற்றின் பெருமையைப் பலரும் உணர்ந்தனர்.

நடுகல் ஒன்றின்முன் நின்று அதைப் படிக்கும் முறையைக் கற்றுக்கொள்வோம். பலகைக் கல்லில் ஒரு வீரன் செதுக்கப்பட்டிருப்பான். ஒரு கையில் வில், மறு கையில் வாளோ குறுவாளோ இருக்கும். சிலவற்றில் அவன் உடம்பில் அம்புகள் தைத்திருக்கும். காலருகே கெண்டி போன்ற கலமும் சிமிழும் காணப்படும். சிலவற்றில் மாடுகளும் இருக்கும். மேலே எழுத்துகள் வட்டெழுத்தில் வெட்டப்பட்டிருக்கும். இன்றைய தமிழெழுத்து தெரிந்தவர் உடனே படித்துவிட முடியாது.

எழுத்தின் வாசகம் பெரும்பாலும் ஒரே அமைப்பில் இருக்கும். இன்ன மன்னருக்கு இத்தனையாவது ஆண்டு. இன்னாருடைய சேவகன் இன்னான். இன்ன ஊர்த் தொறுவைக் கவர்ந்தபோது அதை மீட்டுப் பட்டான். 'தொறு' என்றால் மாட்டு மந்தை. 'பட்டான்' என்றால் இறந்தான். அவ்வளவுதான் செய்தி. ஆனால் அந்த மூன்று வரியில் ஒரு மன்னரின் ஆட்சியாண்டு இருக்கிறது, ஒரு சிற்றூரின் பெயர் இருக்கிறது, வேறெந்த ஏட்டிலும் இடம்பெறாத ஒரு மனிதரின் பெயர் இருக்கிறது. ஆட்சியாண்டைக் கொண்டும் எழுத்தின் வடிவத்தைக் கொண்டும் ஆய்வாளர் காலத்தைக் கணிக்கின்றனர். இவ்வட்டாரத்து நடுகற்களில் சில கி.பி. ஆறாம், ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. சிம்மவிஷ்ணு, மகேந்திரவர்மன் போன்ற பல்லவ மன்னர்களின் ஆட்சியாண்டுகளை அவை குறிப்பிடுகின்றன.

தொல்காப்பியம் நடுகல் எடுப்பதை ஆறு படிகளாகப் பிரித்துச் சொல்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல். கல்லைத் தேர்ந்து, எடுத்து, நீராட்டி, நட்டு, படையலிட்டு, வாழ்த்துவது என்று பொதுவாகப் பொருள் கொள்ளலாம். இலக்கணம் சொன்ன வழக்கத்துக்கு வயற்காட்டில் சான்று நிற்பது எல்லா மொழிக்கும் வாய்த்த பேறு அன்று.

மனிதருக்கு மட்டும்தான் கல் எடுத்தார்களா? திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் உள்ள ஒரு நடுகல்லில் வீரனுக்குப் பக்கத்தில் ஒரு நாயும் இருக்கிறது. கள்வரைக் கடித்துக் காவல் நின்ற அந்த நாயின் பெயர் 'கோவிவன்' என்று எழுத்தில் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஏறத்தாழ ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு சிற்றூர் மக்கள் தங்கள் நாயின் பெயர் மறைந்துவிடக் கூடாது என்று எண்ணியிருக்கிறார்கள்.

இப்போது நிஷ் நகரத்துக் கோபுரத்தை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். 1809ஆம் ஆண்டு மே மாதம் நிஷ் அருகே செகார் என்னும் குன்றில் துருக்கியருக்கு எதிராகக் கிளர்ந்த செர்பியர் போரிட்டுத் தோற்றனர். அவர்களுடைய தலைவர் ஸ்தேவான் சிந்ஜெலிச், பகைவர் காப்பரணுக்குள் புகுந்ததும் வெடிமருந்துக் கிடங்கைச் சுட்டு, தம்மோடு எல்லாரையும் அழித்துக்கொண்டார். வென்ற துருக்கியத் தளபதி, மாண்டவர்களின் மண்டையோடுகளைப் பதித்து ஒரு கோபுரம் எழுப்பச் செய்தார். மொத்தம் 952 மண்டையோடுகள். இனி யாரும் கிளர்ந்தெழக் கூடாது என்று அச்சுறுத்துவதே நோக்கம். ஆனால் நடந்தது வேறு. உறவினர்கள் இரவோடிரவாக மண்டையோடுகளைப் பெயர்த்தெடுத்துச் சென்று அடக்கம் செய்தனர் என்கிறார்கள். இன்று 58 மட்டுமே எஞ்சியுள்ளன. 1892இல் செர்பியர் அதைச் சுற்றி ஒரு சிற்றாலயம் கட்டினர். அச்சுறுத்த எழுந்த கோபுரம் அஞ்சலி செலுத்தும் இடமாயிற்று.

அந்தக் கோபுரத்தையும் நம் நடுகல்லையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே கல்லை எடுத்தவன் கொன்றவன். மாண்டவர்களுக்குப் பெயர் இல்லை, எண்ணிக்கைதான் உண்டு. இங்கே கல்லை எடுத்தவர்கள் மாண்டவனின் ஊரார். ஒரு கல்லுக்கு ஒரு பெயர். ஆயினும் இரண்டு இடத்திலும் கடைசியில் வென்றது ஒன்றுதான்: இறந்தவரை மறக்க மறுத்த உறவு.

மாலை: அதியமான்கோட்டை

வெயில் தாழ்ந்ததும் சேலம் சாலையில் சில கிலோமீட்டர் தெற்கே அதியமான்கோட்டைக்குப் போகலாம். பெயரைக் கேட்டதும் சங்ககால அரண்மனையை எதிர்பார்க்காதீர்கள். இங்குள்ள சென்றாயப் பெருமாள் கோயிலும் அதன் மண்டபக் கூரையில் காணும் இதிகாச ஓவியங்களும் மிகப் பிற்காலத்தவை. ஊரின் பெயர் ஒரு காலத்தது, கட்டடம் வேறொரு காலத்தது என்பது வரலாற்றுப் பயணி மறக்கக் கூடாத பாடம்.

அப்படியானால் அதியமான் வெறும் கதையா? இல்லை. சங்கப் புலவர் ஔவையார் பாடிய அதியமான் நெடுமான் அஞ்சி தகடூரை ஆண்டவர். நெடுநாள் வாழவைக்கும் நெல்லிக்கனியைத் தாம் உண்ணாமல் ஔவைக்குத் தந்தவர் என்பதை நீங்கள் பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். அவருடைய முன்னோர் கரும்பை இந்நாட்டுக்குக் கொண்டுவந்தனர் என்றும் புறநானூறு கூறுகிறது. பாலக்கோட்டுக் கரும்பு இப்போது நினைவுக்கு வருகிறதா? சேர மன்னர் பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை வென்ற போரைப் பற்றித் 'தகடூர் யாத்திரை' என்றொரு நூலே இருந்தது. அந்நூல் முழுமையாகக் கிடைக்கவில்லை; சில பாடல்களே எஞ்சின.

பாடலில் மட்டும் வாழ்ந்த அந்தப் பெயரை 1981இல் ஒரு பாறை உறுதிசெய்தது. தென்பெண்ணையாற்றுப் பக்கத்தில், திருக்கோவலூரை அடுத்த ஜம்பை என்னும் ஊரில், ஒரு குகைத்தளத்தில் தமிழிக் கல்வெட்டு ஒன்று கண்டறியப்பட்டது. சதியபுதோ அதியன் நெடுமான் அஞ்சி அளித்த பள்ளி என்பது அதன் செய்தி. ஒரே வரியில் இரண்டு முடிச்சுகள் அவிழ்ந்தன. ஒன்று, ஔவை பாடிய மன்னர் வரலாற்று மாந்தர் என்பது. மற்றொன்று, கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் பேரரசர் அசோகர் தம் பாறைச் சாசனத்தில் சோழர், பாண்டியர், கேரளபுத்திரர் ஆகியோருடன் சேர்த்துக் குறிப்பிட்ட 'சத்தியபுத்திரர்' யார் என்பது. அதற்கு முன் அறிஞர்கள் அவர்களை எங்கெங்கோ தேடினர். அவர்கள் அதியமான் மரபினர் என்பது அந்த ஒரு வரியால் விளங்கியது.

அதற்கும் முன்னே செல்ல வேண்டுமா? அண்டை மாவட்டமான கிருஷ்ணகிரியில் மயிலாடும்பாறை அகழாய்வில் கிடைத்த மாதிரிகளின் காலம் கி.மு. 2172 எனக் கணிக்கப்பட்டு, அங்கே இரும்பு ஏறத்தாழ 4,200 ஆண்டுகளுக்கு முன்பே பயன்பட்டது என்று 2022இல் தமிழ்நாடு அரசு அறிவித்தது. கரிமம்-14 என்னும் கதிரியக்க அணுக்கள் 5,730 ஆண்டுகளில் பாதியாகக் குறையும். அகழ்ந்தெடுத்த கரித்துண்டில் எஞ்சியுள்ள அளவை அளந்து காலத்தைக் கணிக்கும் முறை அது. 2025இல் தூத்துக்குடி மாவட்டம் சிவகளையிலிருந்து இன்னும் தொன்மையான கணிப்புகள் வெளியாயின. எனவே இறுதி விடை இன்னும் மண்ணுக்கடியில் இருக்கக்கூடும்.

நீங்கள் செய்யக்கூடியது

மாலை வண்டியில் மாரண்டஹள்ளிக்குத் திரும்பும்போது இதை எண்ணிப் பாருங்கள். இராயக்கோட்டைக்குக் காவல் உண்டு. கோயில்களுக்குப் பூசையும் உண்டு. வயற்காட்டில் நிற்கும் நடுகல்லுக்கு யார் துணை?

இவ்வட்டாரத்தில் பல நடுகற்களை மக்கள் 'வேடியப்பன்' என்று வணங்கிவருகின்றனர். எழுத்து மறந்துபோன பின்பும் வழிபாடு அவற்றைக் காத்தது. வழிபாடும் நின்றுபோன கற்களின் நிலைதான் இரங்கத்தக்கது. அவை துவைகல்லாகின்றன, வரப்புக்கு முட்டுக் கொடுக்கின்றன, சாலை விரிவாகும்போதும் கிணறு வெட்டும்போதும் உடைந்து போகின்றன. ஒரு கல் உடைந்தால் ஒரு பெயர் இரண்டாம் முறை இறக்கிறது.

உங்கள் ஊர் எல்லையில் உருவமோ எழுத்தோ உள்ள கல்லைக் கண்டால் என்ன செய்யலாம்? முதலாவதாக, அதை இடம் பெயர்க்காதீர்கள். எந்த ஓடைக்கரையில், எந்தப் பாதையோரம் நிற்கிறது என்பதும் செய்திதான். அதை வைத்தே பழைய மேய்ச்சல் வழிகளைக் கணிக்க முடியும். இரண்டாவதாக, கம்பியாலோ உளியாலோ சுரண்டாதீர்கள். சுண்ணாம்போ வண்ணமோ பூசாதீர்கள். எழுத்து தெரியாவிட்டால் அந்தி நேரத்தில் கைவிளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். சாய்வான வெளிச்சத்தில் பள்ளங்களில் நிழல் விழும். பகலில் மறைந்திருந்த எழுத்துகள் எழுந்து நிற்கும். அறிஞர்கள் ஈரத்தாளைக் கல்லின்மேல் ஒட்டி, தூரிகையால் தட்டி, மை ஒற்றிப் படியெடுப்பதும் இந்த மேடுபள்ளத்தைக் கொண்டுதான். மூன்றாவதாக, பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்துப் படம் எடுத்து, இடத்தைக் குறித்து, தொல்லியல் துறைக்கோ உங்கள் வரலாற்று ஆசிரியருக்கோ தெரிவியுங்கள். ஊர்ப் பெரியவர்களிடம் அந்தக் கல்லைப் பற்றி வழங்கும் கதையையும் கேட்டு எழுதிவையுங்கள்.

காலையில் கேட்ட கேள்விக்கு இப்போது நீங்களே விடை சொல்லலாம். ஒரு பகற்பொழுதுக்குள், ஒரே சாலையில், திப்பு காலத்துக் கோட்டை முதல் அசோகர் அறிந்திருந்த அரச மரபு வரை நாம் நடந்து வந்திருக்கிறோம். புளியமரமும் பாறையும் இருக்கத்தான் செய்கின்றன. அடுத்த முறை அந்தப் பாறையைக் கடக்கும்போது அருகே சென்று ஒரு நொடி குனிந்து பாருங்கள். அதில் ஒரு பெயர் இருக்கலாம்.